ஊருக்கெல்லாம் ‘நீ’ சொன்னவள்

முதல் ஞாயிற்றுக்கிழமையே தோவே அந்தத் தப்பைச் செய்துவிட்டாள். அவளை மணக்கப்போகும் ஹென்னிங், தன் அம்மாவிடம் காட்டுவதற்காக அவளைக் காபி நேரத்துக்கு அழைத்து வந்திருந்தான். பக்கத்து வீட்டுக்காரி என்ற முறையில் நானும் மேசையில் இருந்தேன். தெக்லா அஸ்முசென் அம்மாள் வெள்ளை விரிப்பு போட்டு, தன் கல்யாணக் கோப்பைகளை எடுத்து வைத்து, செர்ரிப் பழக் கேக்கும் சுட்டிருந்தார். தோவே ஒரு துண்டை வாயில் போட்டாள். கண்களை மூடினாள். திறந்ததும் முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள்:

“தெக்லா, நீ சுட்ட கேக்குக்காகவே இவனைக் கட்டிக்கலாம் போல இருக்கே! இன்னொரு துண்டு குடேன்!”

ஹென்னிங்கின் கையில் இருந்த முள்கரண்டி அப்படியே நின்றது. தெக்லா அம்மாளின் காதுமடல் சிவந்ததை நான் பார்த்தேன். ஆனால் அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். கேக்கை எடுத்து, மெதுவாக அவள் தட்டில் வைத்து, சொன்னார்:

“எடுத்துக்குங்க. நீங்க எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடலாம்.”

மாமியார் வாயால் ‘நீங்க’ என்று கேட்பதற்கு மருமகள்கள் தவம் கிடக்கும் வீடுகள் உலகத்தில் உண்டு. ஆனால் எங்கள் ஃபிளென்ஸ்பூர்க் துறைமுகத்தில் அந்தச் சொல், முகத்துக்கு எதிரே கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடும் சத்தம்.

விஷயம் இதுதான். எங்கள் ஊருக்கு வடக்கே சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் டென்மார்க் எல்லை. தோவே அந்தப் பக்கத்துப் பெண். அங்கேயும் ‘நீ’ என்பதற்கு ‘டூ’ என்றுதான் சொல்வார்கள், இங்கே ஜெர்மனியிலும் ‘டூ’ என்றுதான் சொல்வார்கள். அதே எழுத்து, அதே ஓசை. ஆனால் அங்கே அது தெருக் குழாய்த் தண்ணீர். தபால்காரர், டாக்டர், பாதிரியார் எல்லாருக்கும் ஒன்றே. இங்கேயோ அது பூட்டிய அலமாரியில் இருக்கும் பண்டம். வயதில் மூத்தவர்தான் அதை எடுத்துக் கொடுக்க வேண்டும். ஆளுக்கொரு கோப்பை ஊற்றி, முழங்கையோடு முழங்கை கோத்துக் குடித்து, பேரைச் சொல்லி, “இனிமே நமக்குள்ள நீதான்” என்று சொல்ல வேண்டும். இளையவர் வாய்விட்டுக் கேட்கக் கூடாது. கொடுத்தால், சாகும்வரை திரும்ப வாங்கவும் முடியாது. தமிழ்ப் பிள்ளைகள் ‘டூ’ விட்டால் பேச்சு நின்றுபோகும். எங்கள் ஊரில் ‘டூ’ விட்டால்தான் உறவே தொடங்கும்.

அன்று சாயங்காலம் ஹென்னிங் அம்மாவிடம் கெஞ்சினான். சுவர் மெல்லிசு, எனக்குக் கேட்டது.

“அவங்க ஊர்ல அப்படித்தாம்மா. மரியாதை இல்லாம இல்ல.”

“எங்கம்மா என்னைப் பெத்தவங்க. அவங்க கண்ணை மூடற வரைக்கும் நான் ‘நீங்க’ன்னுதான் பேசினேன். அதுல பாசம் குறைஞ்சா போச்சு? உன் தோவே தபால்காரனுக்குக் குடுக்கிற அதே ‘நீ’யத்தானே எனக்கும் குடுக்கறா? எல்லாருக்கும் குடுக்கிறதை எனக்கு எதுக்குடா?”

கல்யாணம் நடந்தது. அக்கம்பக்கத்தார் நாங்கள் வழக்கப்படி ஃபிர் என்னும் ஊசியிலை மரக் கிளைகளால் வாசலைச் சுற்றி வளைவு கட்டி, வெள்ளைக் காகிதப் பூக்கள் செருகி, அதற்குக் கூலியாக ஹென்னிங்கின் ரம்மைக் குடித்துத் தீர்த்தோம். தெக்லா அம்மாள் மருமகளின் கன்னத்தில் முத்தமிட்டு, “நீங்க சந்தோஷமா இருக்கணும், தோவே” என்றார். கோப்பை நீட்டவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டார், ‘நீங்க’ என்றார். அந்த நடுவழியிலேயே உறவு நின்றுவிட்டது.

*

அஸ்முசென் குடும்பத்துக்கு, எங்கள் வீடுகளுக்குப் பொதுவான முற்றத்தின் முகப்பில் புகைமீன் கடை. ஹென்னிங் படகில் போய்க் கொண்டுவரும் கானாங்கெளுத்தியையும் விலாங்கையும் பின்கட்டுப் புகைக்கூண்டில் தொங்கவிட்டு, பீச் மரத் தூளில் பொன்னிறமாகப் புகை காட்டி விற்பார்கள். தோவேக்கு இரண்டு மாதத்தில் கை பழகிவிட்டது. நாக்குதான் பழகவில்லை. கல்லாப்பக்கம் நின்றால் வருகிறவர்களுக்கெல்லாம் ‘நீ’தான்.

எங்கள் தெருவில் கிராம் என்று ஒரு வாத்தியார் இருந்தார். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலமும் லத்தீனும் சொல்லிக்கொடுப்பவர். குடையைக் கூட இஸ்திரி போட்டு வைத்திருப்பாரோ என்று தோன்றும். அவர் முதல் தடவை வந்தபோது தோவே கேட்டாள்:

“வா வா, உனக்கு என்ன வேணும்? இந்த விலாங்கைப் பாரு, உன்னை மாதிரியே ஒல்லியா, நீட்டமா!”

கிராம் வாத்தியார் தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார்.

“அம்மா, நாம ரெண்டு பேரும் எப்போ சேர்ந்து குடிச்சோம்னு ஞாபகப்படுத்த முடியுமா?”

“இன்னும் இல்லியே. நீ கூப்பிட்டா வர்றேன்!”

உள்ளேயிருந்து தெக்லா அம்மாள் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டார். வாத்தியார் விடவில்லை, வகுப்பே எடுத்துவிட்டார். “ஸ்வீடன்காரங்க இந்தச் சில வருஷங்கள்ல எல்லாரும் எல்லாருக்கும் ‘நீ’ன்னு முடிவு பண்ணிட்டாங்க, அது அவங்க தலையெழுத்து. ஆங்கிலேயன் அதுக்கும் மேல. ‘நீ’யையே தொலைச்சுட்டு, பெண்டாட்டியையும் நாயையும்கூட ‘நீங்க’ன்னு கூப்பிட்டுக்கிட்டிருக்கான், தான் கூப்பிடறது அவனுக்கே தெரியாது. ஆனா இது ஃபிளென்ஸ்பூர்க்!”

“பாவம் ஆங்கிலேயன்,” என்றாள் தோவே, மீனைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே. “ராத்திரி பெண்டாட்டி காதுல என்ன சொல்வான்? இந்தா, உன் மீனு. முள்ளு பாத்துச் சாப்பிடு.”

அவர் மறுவாரமும் வந்தார். அதற்கடுத்த வாரமும். வந்து, முறைத்து, வாங்கிக்கொண்டு போவார்.

ஒருநாள் நான் அவளிடம் கேட்டேன். “ஏன்டி தோவே, ‘நீங்க’ன்னு சொல்ல அவ்ளோ கஷ்டமா? மாமியார்கிட்ட மட்டும் சுத்தமா வருதே?”

அவள் மீன் செதில் ஒட்டிய கையை நிறுத்தினாள். “அவங்களுக்காகக் கண்ணாடி முன்னாடி நின்னு பழகினேன். ‘நீங்க சாப்பிட்டீங்களா, நீங்க தூங்கினீங்களா’ன்னு. அவங்ககிட்ட வருது. வேற யார்கிட்டயும் வரமாட்டேங்குது. கடல்காக்கா மீனைத் திருடினாக்கூட ‘ஏ, நீ’ன்னுதான் வருது.”

பிள்ளை தங்கவில்லை. ஒரு தடவை தங்குவதுபோல் வந்து, ஐந்தாம் மாதத்தில் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் தெக்லா அம்மாள் பகல் முழுவதும் கட்டிலோரம் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்திருந்தார். நான் சூப் கொண்டுபோனபோது தோவேயின் நெற்றியைத் துடைத்துவிட்டு, கண்ணில் நீர் தளும்ப, “நீங்க கொஞ்சம் தூங்குங்க, தோவே. நீங்க தூங்கணும்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வெளியே போனதும் தோவே என் பக்கம் திரும்பி அழுதாள்.

“கையைப் பிடிச்சுக்கிட்டே கதவைச் சாத்தறாங்களே. அது எப்படி முடியுது இவங்களால?”

எனக்கும் தெக்லா அம்மாளுக்கும்கூட இத்தனை வருஷப் பக்கத்து வீட்டில் ‘நீங்க’தான். ஆனால் நான் அவர் மகள் ஸ்தானத்தில் இல்லையே!

*

கல்யாணமாகி இருபத்துநான்கு வருஷம் இப்படியே ஓடியது. இலையுதிர் காலத்தில் ஒரு காலை. ஹென்னிங் படகில் வலையை இழுத்துக்கொண்டிருந்தவன், அப்படியே வலைமேல் சாய்ந்துவிட்டான். இதயம். மற்றவர்கள் கரைக்குக் கொண்டுவந்தபோது அவன் கை வலைக்கயிற்றை விடவில்லை. இரண்டு பெண்களும் தேவாலயத்தில் ஒருவர் கையை ஒருவர் பற்றியபடி நின்றார்கள். யார் யாரைத் தாங்கினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பனிக்காலம் போனதும் தோவேயின் அண்ணன் ஆக்செல் வந்தான். டென்மார்க் பக்கத்தில் பன்றிப்பண்ணை வைத்திருப்பவன். நேராகச் சொன்னான்:

“தோவே, இங்க உனக்கு இனிமே என்ன இருக்கு? புருஷன் இல்ல, புள்ள இல்ல. மாமியாக்காரி உன்னை இன்னும் ‘நீங்க’ன்னு கூப்பிடறா. மாடியில ரூம் காலியா இருக்கு. நீ சொல்லு, வண்டி கொண்டாரேன்.”

தோவே என் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தாள். மேசைமேல் இருந்த ரொட்டித் துணுக்குகளை விரலால் ஒன்று சேர்த்தாள், கலைத்தாள்.

“எனக்கு இங்கிருந்து போக மனசில்ல. அந்தப் புகைக்கூண்டு வாசனை என் தலைமுடியிலயே ஊறிப்போச்சு. ஆனா தங்கறதுக்கு ஒரு உரிமை வேணுமில்ல? அவங்க ‘நீ இரு’ன்னு சொன்னா சாகற வரைக்கும் இருப்பேன். ‘நீங்க இருங்க’ன்னு சொன்னா, அது குடித்தனக்காரிகிட்ட சொல்றது. நான் கேக்கவும் முடியாது. உங்க ஊர் வழக்கம் அது. நாளைக்குச் சொல்லப் போறேன், போறதா. அப்பவாவது வாயைத் திறக்கறாங்களா பாக்கறேன்.”

மறுநாள் சொன்னாள். தெக்லா அம்மாள் கத்தியை வைத்துவிட்டு, மேலங்கியில் கை துடைத்தார்.

“உங்க இஷ்டம், தோவே. நீங்க உங்க நல்லதைத்தான் பாக்கணும்.”

அவ்வளவுதான். அன்று மாலை தோவே பெட்டி கட்டத் தொடங்கினாள். வருகிற சனிக்கிழமை ஆக்செல் வருவதாக ஏற்பாடு. அந்தச் சனிக்கிழமை என்ன நாள் என்று முற்றத்தில் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயால் சொல்லவில்லை. ஹென்னிங் இருந்திருந்தால் அன்று அவர்களுடைய வெள்ளிவிழாக் கல்யாண நாள். வாசலில் இரண்டாவது தடவை வளைவு கட்டியிருப்போம்.

*

வியாழக்கிழமை தோவே அண்ணன் வீட்டில் அறையைச் சுத்தம் செய்யப் போயிருந்தாள். கடையில் தெக்லா அம்மாள் தனியாக நின்றார். நான் ரொட்டிக்கு மீன் வாங்க வந்திருந்தேன். கிராம் வாத்தியார் உள்ளே வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மனைவியையும் இழந்து, அதே குடையோடு.

“வாங்க வாத்தியாரய்யா. உங்களுக்கு என்ன வேணும்?” என்றார் தெக்லா அம்மாள்.

அவர் சுற்றிலும் பார்த்தார். “அவங்க எங்க?”

“எதுவானாலும் நான் தரேன்.”

“நீங்க தரமுடியாது,” என்றார் அவர். பிறகு தன் குரலே தனக்கு முரடாகப் பட்டதோ என்னவோ, தொப்பியைக் கழற்றினார். “போயிடப் போறாங்கன்னு கேள்விப்பட்டேன். நிஜமா?”

“சனிக்கிழமை.”

வாத்தியார் கண்ணாடிப் பெட்டிமேல் கையை ஊன்றிக்கொண்டார்.

“எனக்கு மீனே பிடிக்காதுங்க. உங்களுக்குத் தெரியாது. வாங்கிட்டுப் போய்ப் பூனைக்குத்தான் போடறேன். என் மனைவி போனப்புறம் இந்த ஊர்ல என்னை ‘நீ’ன்னு கூப்பிடறதுக்கு ஆளே இல்ல. எல்லாரும் மரியாதை. ஒரே மரியாதை. வாரத்துக்கு ஒரு நாள் இங்க வந்து நின்னா, ‘என்னடா, இன்னிக்கு உன் மூஞ்சி ஏன் இப்படி இருக்கு’ன்னு ஒருத்தி கேப்பா. அதுக்காகத்தான் வர்றேன். அவ அதை எல்லாருக்கும் குடுக்கறான்னு எனக்குத் தெரியாதா? தெரியும். சூரியன்கூடத்தான் எல்லாருக்கும் அடிக்குது. அதனால எனக்குக் குளிர் விடாமலா போச்சு?”

அவர் மீன் வாங்காமலே போய்விட்டார். தெக்லா அம்மாள் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் காசை வைத்துவிட்டு மெதுவாக நழுவினேன்.

ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. என் வீட்டுப் பின்கதவு தட்டப்பட்டது. எழுபத்தொன்பது வயதுப் பெண்மணி, காலில் ரப்பர் பூட்ஸ், கையில் கிளை வெட்டும் கத்தரி.

“உங்க தோட்டத்து ஃபிர் மரத்துல கொஞ்சம் கிளை வெட்டிக்கலாமா?”

“எதுக்கு அம்மா?”

“வளைவு கட்டத்தான். வேற எதுக்கு?”

“ஹென்னிங் இல்லாம… வெள்ளிவிழா வளைவா?”

“என் புள்ள போயிட்டான். கல்யாணம் போயிடுமா? என் வீட்டுக்குள்ள அவ காலெடுத்து வெச்சு இருபத்தஞ்சு வருஷம். அக்கம்பக்கத்துக்காரங்க கட்டணும்கறது வழக்கம். நீங்க கட்ட மாட்டீங்கன்னு தெரியும், துக்க வீடுன்னு கூச்சப்படுவீங்க. அதான் நானே கட்டறேன்.”

கொட்டகையில் இருவரும் உட்கார்ந்து கிளைகளைக் கயிற்றில் சுற்றினோம். பிசின் கையெல்லாம் ஒட்டியது. கடைசியில் நான் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன்.

“அவ உங்க ஒரு வார்த்தைக்காக ஏங்கிக்கிட்டிருந்தா. ஏன் சொல்லல?”

அவர் கிளையை இறுக்கிக்கொண்டே பேசினார், என்னைப் பார்க்காமல்.

“ஆரம்பத்துல வீம்பு. ஒத்துக்கறேன். அப்புறம் ஆஸ்பத்திரியில நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. ‘ஐயோ பாவம்’னு குடுக்கிறதா அவ நெனச்சுட்டா என்ன பண்றதுன்னு முழுங்கினேன். இப்போ ஹென்னிங் போனதும்… குடுத்தா திரும்ப வாங்க முடியாத சொல்லுங்க அது. அவளுக்கு இன்னும் அம்பது ஆகல. ‘நீ’ன்னு ஒரு தடவை சொல்லிட்டா, இந்தக் கிழவிக்காகவே உக்காந்துடுவா. அது அவ காலுக்குச் சங்கிலி. கட்டிப் போடக் கூடாதுன்னுதான் சும்மா இருந்தேன்.”

“அவ அதை வேண்டாம்னு துரத்தறதா எடுத்துக்கிட்டா.”

தெக்லா அம்மாளின் கை நின்றது. “துரத்தறதா? நானா?” கிளையைக் கீழே வைத்தார். “கடவுளே. விட்டுக்குடுக்கறேன்னு நெனச்சேனே.”

பிறகு அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “அந்த வாத்தியார் இத்தனை வருஷமா பூனைக்கா போட்டான் என் கானாங்கெளுத்தியை? வரட்டும், பேசிக்கறேன்” என்றார். நாங்கள் இருவரும் அழுதுகொண்டே சிரித்தோம்.

*

சனிக்கிழமை காலை ஆக்செல் இழுவண்டியோடு முற்றத்துக்குள் நுழைந்து, பிரேக்கை அழுத்தினான். கடை வாசலைச் சுற்றிப் பச்சை வளைவு. உச்சியில் வெள்ளிக் காகிதத்தில் வெட்டிய இருபத்தைந்து, கொஞ்சம் கோணலாக. கீழே கறுப்பு உடையில் தெக்லா அம்மாள் நின்றார். வெள்ளை விரிப்பு போட்ட சின்ன மேசையில் இரண்டு கண்ணாடிக் கோப்பைகள். வெந்நீரும் சர்க்கரையும் கலந்த ரம்மிலிருந்து ஆவி எழுந்தது.

“ஏ தெக்லா, இது என்ன கூத்து? நீ என்ன, மறுபடி கல்யாணம் பண்ணிக்கப் போறியா?” என்றான் ஆக்செல்.

தெக்லா அம்மாளின் காதுமடல் பழையபடி சிவந்தது. ஆனால் அவர், “வாய மூடிட்டு அந்தப் பக்கம் நில்லுங்க, ஆக்செல். ரம் மீந்தா தரேன்” என்று மட்டும் சொன்னார்.

தோவே பெட்டியோடு படியிறங்கி வந்தாள். வளைவைப் பார்த்தாள். அப்படியே நின்றாள்.

“யார் கட்டினது?”

“நான்தான். கோணலா இருக்குன்னு சொல்லாதீங்க, தெரியும்.” தெக்லா அம்மாள் ஒரு கோப்பையை எடுத்தார். “நான் சொல்லப்போறதுக்காக நீங்க தங்கணும்னு இல்ல. போறதுன்னா போங்க. இதை எடுத்துக்கிட்டுப் போங்க. இது உங்களோடது. முதல் ஞாயித்துக்கிழமையே நீங்க எனக்குக் குடுத்தீங்க. நான் அதைக் கீழ வெச்சுட்டேன்.”

முழங்கையை நீட்டினார். தோவே பெட்டியைத் தரையில் வைத்தாள். இரண்டு கைகளும் கோத்தன. இருவரும் குடித்தார்கள். தோவேக்குப் புரையேறியது.

“நான் தெக்லா,” என்றார் அவர். “இருடி இங்கேயே. நீ இல்லாம எனக்கு இந்த வீட்டுல மூச்சு விட வரல. நீ… நீ…” அதற்குமேல் அவரால் முடியவில்லை. இருபத்தைந்து வருஷம் பூட்டி வைத்த சொல், வெளியே வந்ததும் நிற்கத் தெரியாமல் திரும்பத் திரும்ப வந்தது.

இப்போது தோவேயின் முறை. எல்லாரும் காத்திருந்தோம். ஊர் முழுக்க அந்தச் சொல்லை வாரி இறைத்தவள், வாயைத் திறந்தாள். மூடினாள்.

“தெக்லா… நீ…” என்றாள். உதட்டைக் கடித்தாள். தலையை ஆட்டினாள். “வரமாட்டேங்குது.”

தெக்லா அம்மாளின் முகம் வெளிறியது. “காலம் கடந்துடுச்சா?”

“இல்ல, இல்ல!” தோவே அவர் இரண்டு கையையும் பற்றிக்கொண்டாள். “வாத்தியாருக்கு ‘நீ’, தபால்காரனுக்கு ‘நீ’, மீனைத் திருடற கடல்காக்காவுக்கும் ‘நீ’. இந்த உலகத்துல நான் ‘நீங்க’ன்னு சொல்றது ஒரே ஒரு ஆளுக்குத்தான். கண்ணாடி முன்னாடி நின்னு கத்துக்கிட்டேன். என்கிட்ட இருக்கிறதுலயே விலை ஒசந்த சொல்லு அதுதான். அதை என்கிட்டேருந்து வாங்கிடாதீங்க. நீங்க என்னை ‘நீ’ன்னே கூப்பிடுங்க. நான் உங்களை ‘நீங்க’ன்னே கூப்பிடறேன். நான் எங்கயும் போகல.”

தெக்லா அம்மாள் அவள் விரல்களை இறுக்கிக்கொண்டார்.

“நான் எங்கம்மாகிட்ட பேசின மாதிரி,” என்றார், தாழ்ந்த குரலில்.

“ஆமா. அந்த மாதிரிதான்.”

ஆக்செல் தொண்டையைச் செருமிக்கொண்டு, “அப்போ இந்த வண்டியை நான் எதுக்கு இழுத்துட்டு வந்தேன்?” என்று கேட்டான். மிச்ச ரம்மும், ஒரு பெட்டி புகைமீனும் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பினான்.

அதற்குப் பிறகு எங்கள் முற்றத்தில் அமைதி என்பதே கிடையாது. சேர்த்து வைத்ததையெல்லாம் செலவழிப்பவரைப்போல, காலையில் கண் விழித்ததிலிருந்து தெக்லா அம்மாள் அந்தச் சொல்லைத் தெருமுனை வரை கேட்கும்படி கூவினார். போன செவ்வாய்க்கிழமை கிராம் வாத்தியார் கடையில் நின்றபோதும் அதே கூத்துதான்.

“தோவே! நீ கூண்டுல தூள் போட்டியா, இல்ல நான் வந்து போடணுமா? ஏய், உன்னைத்தான்!”

“போட்டாச்சு, போட்டாச்சு! நீங்க உக்காருங்க முதல்ல, கால் வீங்கும்!” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பிறகு தோவே வெளியே வந்து வாத்தியார் பக்கம் திரும்பினாள். “என்ன சிரிக்கிறே நீ? பூனைக்கு எவ்வளவு கட்டட்டும்?”